நடுவர் இல்லாத மேசை

கணினியில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு, அதாவது ஆடுவோர் 'ஆர்.பி.ஜி.' என்று சுருக்கிச் சொல்லும் வகை, ஆடுபவரை ஒரு கற்பனை மாந்தரின் இடத்தில் நிறுத்தி, அம்மாந்தரின் உடல்வலு, அறிவு, பேச்சுத்திறன் முதலியவற்றை எண்களாகக் கொடுத்து, அவர் எடுக்கும் முடிவுகளைக் கொண்டே கதையை நகர்த்துவது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் இவ்வகையில் வெளிவந்தவற்றுள் பெரும்பாலானவை அடுத்த தலைமுறைக் கணினி வந்ததும் மறக்கப்பட்டுவிட, சில மட்டும், கரடுமுரடான படங்களோடும் தட்டுத்தடுமாறிப் பழக வேண்டிய விசைகளோடும் இன்றும் தேடி ஆடப்படுகின்றன. அவற்றின் சிறப்புக்கு உலகின் பரப்பு, படத்தின் நயம், சண்டையின் விறுவிறுப்பு என்று பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால் அவற்றுள் எதுவும் முழுமையாகப் பொருந்தி வருவதில்லை. இவ்விளையாட்டு மேசையிலிருந்து கணினிக்குக் குடிபெயர்ந்தபோது ஓர் ஆளை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது. அந்த ஆள் நடுவர். அவர் விட்டுச்சென்ற இடத்தை எந்த விளையாட்டு எவ்வாறு நிரப்ப முயன்றது என்பதில்தான் அதன் தகுதி அடங்கியிருக்கிறது.

நடுவரின் பூர்வீகம் ஜெர்மானிய நாடுகளின் படைப்பயிற்சிக் கூடங்களில் இருக்கிறது. பிரவுன்ஷ்வைக் நகரத்து ஆசிரியர் யோஹான் ஹெல்விக் 1780இல் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களில் மலையும் ஆறும் வகுத்துப் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். (இந்தியாவிலிருந்து மேற்கே போன சதுரங்கம், நால்வகைப் படையைக் குறிக்கும் தன் பெயருக்கு ஏற்ப, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அலைந்து மீண்டும் படைக்காரர் கையிலேயே போய்ச் சேர்ந்தது.) 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களை அகற்றிவிட்டு நிலப்படத்தின் மீதே ஆடும் 'கிரீக்ஷ்பீல்' முறையை வெளியிட்டபோதுதான் நடுவரின் வேலை இன்னதென்று வரையறுக்கப்பட்டது. இரு தரப்பாரும் தம் ஆணைகளை எழுதி அவரிடம் கொடுப்பார்கள். அவர் பகடை உருட்டி, சேத அட்டவணையைப் பார்த்து, படைக்கட்டைகளை நகர்த்தி, ஒவ்வொரு தரப்புக்கும் அத்தரப்பின் கண்ணுக்குப் பட்டிருக்கக் கூடியதை மட்டும் சொல்வார். நாளடைவில் அட்டவணைகள் பெருகி ஆட்டம் ஆமை வேகத்துக்கு வந்துவிடவே, தளபதி வெர்டி டு வெர்னுவா 1876இல் அட்டவணைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள அதிகாரி ஒருவரின் தீர்ப்பே போதும் என்று வாதிட்டார். பின்னாளில் கணினி எதிர்கொண்ட சிக்கல் முழுவதும் இந்தப் பழைய வழக்கிலேயே ஒளிந்திருக்கிறது. அட்டவணை எந்திரத்துக்கு எளிது, தீர்ப்பு அவ்வாறன்று.

இந்த மரபு அமெரிக்காவுக்கு வந்து பொழுதுபோக்காக மாறியது. மின்னியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களில் போர் விளையாட்டு ஆடிவந்த டேவிட் வெஸ்லி, 19ஆம் நூற்றாண்டுப் படைப்பயிற்சி நூல் ஒன்றிலிருந்து நடுவர் என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, 1969இல் 'பிரவுன்ஷ்டைன்' என்ற கற்பனை ஜெர்மானிய ஊரை மேசையில் அமைத்தார். அதில் ஆடியவர்கள் பலருக்குப் படைப்பிரிவுகள் தரப்படவில்லை. நகரத்தலைவர், பல்கலைக்கழக வேந்தர் என்று ஆளுக்கொரு வேடம் தரப்பட்டது. ஆட்டம் கைமீறிக் குழம்பிவிட்டதாகவே வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டு நச்சரித்தனர். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன் அம்முறையை 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோக, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸ் விதிகளைத் தொகுக்க, 1974இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வெளிவந்தது.

இவ்விளையாட்டில் நடுவரின் பெயர் 'டஞ்சன் மாஸ்டர்', அதாவது நிலவறையை ஆள்பவர். பூட்டிய கதவுக்கு முன் நிற்கும் ஆட்டக்காரர் ஒருவர் அதை உடைக்கலாம், பூட்டைத் திறக்க முயலலாம். அல்லது, எந்த நூலிலும் எழுதப்படாதபடி, கதவிடுக்கில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதாகச் சொல்லலாம். நடுவர் ஒரு கணம் யோசித்து, உள்ளே என்ன இருக்கிறது, புகை எந்தப் பக்கம் போகும், அதைப் பார்த்து யார் ஓடி வருவார்கள் என்று தீர்மானித்து, ஒரு பகடையை உருட்டி விடை சொல்வார். மூன்று வாரம் கழித்து அதே ஊருக்குத் திரும்பினால், கதவை எரித்தவர் என்று ஊர்க்காரர் அவரை அடையாளம் கண்டுகொள்ளவும் கூடும். எதிர்பாராத செயலுக்கு விடை சொல்வதும், செய்ததை நினைவில் வைத்திருப்பதும், நேர்ந்த இழப்பை நேர்ந்ததாகவே நிற்கவிடுவதும் ஒரே ஆளின் தலைக்குள் நடந்தன.

நூல் வெளிவந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் அந்த ஆளின் இடத்தில் எந்திரம் உட்கார வைக்கப்பட்டது. இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக உருவாக்கப்பட்ட 'பிளேட்டோ' கணினி வலையமைப்பு, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரைகளைக் கொண்டது. 1975இல் ரஸ்டி ரதர்ஃபோர்டு அதில் ஒரு நிலவறை விளையாட்டை எழுதி, ஆய்வுக் குழு ஒன்றுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 'பெடிட்5' என்ற கோப்புப் பெயரில் வைத்தார். பாடக் கோப்பு போலத் தோன்றும் அப்பெயர் மேலாளர்களை நெடுநாள் ஏமாற்றவில்லை, விளையாட்டு அழிக்கப்பட்டது. அதே ஆண்டில் அதே வலையமைப்பில் கேரி விசன்ஹன்ட், ரே வுட் ஆகியோர் எழுதிய 'டி.என்.டி.' தப்பிப் பிழைத்தது. நடந்து, கொன்று, பொன் சேர்த்து, வலிமை கூட்டுவது அவற்றின் ஆட்டம். எண்ணெய் ஊற்றிக் கொளுத்த வழியில்லை. அட்டவணை மட்டும் எந்திரத்துக்குள் குடியேறிவிட்டது. தீர்ப்பு வெளியே நின்றது.

ஆயினும் எந்திரத்துக்கு ஒரு பலம் இருந்தது: அதற்கு இரக்கம் கிடையாது. மேசையில் அமர்ந்த நடுவர், நண்பரின் பாத்திரம் சாகும் நிலையில் பகடையை மறைத்து உருட்டி உயிர்ப்பிச்சை கொடுத்துவிடலாம், கணினி கொடுக்காது. கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் ஆகியோர் தொடங்கி, பின்பு பெர்க்லியின் கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டு 1980ஐ ஒட்டி உருவாக்கிய 'ரோக்', ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நிலவறையைப் புதிதாக வகுத்தது. அரக்கர்களை ஆங்கில அரிச்சுவடியின் 26 எழுத்துகளால் காட்டியது. சேமித்த ஆட்டத்தைத் திறந்தவுடன் அந்தச் சேமிப்புக் கோப்பை அழித்துவிட்டது. செத்தால் செத்ததுதான்.

1981இல் ஆண்ட்ரூ கிரீன்பர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் ஆப்பிள் II கணினிக்கு எழுதிய 'விசார்ட்ரி' இதே கண்டிப்பை வேறு வகையில் கையாண்டது. ஆறு பேர் கொண்ட குழு, 20க்கு 20 கட்டம் கொண்ட பத்து அடுக்கு நிலவறைக்குள் இறங்கும். திரையின் ஒரு மூலையில் கோடுகளால் வரைந்த இடைவழி மட்டுமே தெரியும் என்பதால், ஆடுவோர் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் தாமே வரைபடம் தீட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. குழுவில் ஒருவர் இறந்தால் அச்செய்தி உடனே நெகிழ்வட்டில் எழுதப்பட்டுவிடும். உடலைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கோயிலுக்கு வந்து, பொன் கொடுத்து உயிர்ப்பிக்கச் சொல்லலாம். சடங்கு பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகும். சாம்பலுக்குச் செய்யும் சடங்கும் பலிக்காவிட்டால் அந்த ஆள் பட்டியலிலிருந்தே போய்விடுவார். மொத்தக் குழுவும் நிலவறையில் மடிந்தால், புதிய குழு ஒன்றை வளர்த்து அனுப்பி உடல்களைத் தேடி எடுத்துவர வேண்டும். வட்டில் சாவு எழுதப்படுவதற்குள் இயக்கியிலிருந்து அதை உருவி எடுத்துக் காப்பாற்ற முயன்றவர்களும் இருந்தார்கள். ஓர் எண் பட்டியலுக்காக அவ்வளவு பதற்றம் எழுந்தது, இழப்பு உண்மையாக இருந்ததனால்தான். 'விசார்ட்ரி'யில் கதை என்று சொல்ல அதிகம் இல்லை. நடுவரின் பணிகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் செம்மையாகச் செய்தது.

நினைவில் வைத்திருக்கும் பணியை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் டெக்சாஸில் வளர்ந்த ரிச்சர்டு கேரியட். 1981இல் தொடங்கிய அவருடைய 'அல்டிமா' வரிசையின் முதல் விளையாட்டுகளில், கடையில் திருடுவதும் காவலரைக் கொல்வதும் இலாபகரமான வழிகளாகவே இருந்தன. உலகத்தைக் காக்க வந்த வீரன் போகிற போக்கில் ஊரைக் கொள்ளையடிப்பதை எந்திரம் கண்டுகொள்ளவில்லை. 1985இல் வந்த நான்காம் பாகமான 'குவெஸ்ட் ஆஃப் தி அவதார்' அந்த முரண்பாட்டையே பொருளாக எடுத்துக்கொண்டது. இறுதியில் வெல்ல வேண்டிய அசுரன் அதில் இல்லை. வாய்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளில் தேர்ச்சி பெறுவதே குறிக்கோள். ஆட்டம் தொடங்கும்போது குறிசொல்லும் பெண்ணொருத்தி ஏழு தர்மசங்கடங்களை ஒன்றன்பின் ஒன்றாக முன்வைக்கிறாள். ஒவ்வொன்றிலும் இரண்டு பண்புகள் மோதிக்கொள்ள, கடைசியில் எஞ்சும் பண்பைப் பொறுத்து ஆடுபவரின் தொழில் அமைகிறது. பணிவைத் தேர்ந்தெடுத்தவர் ஆட்டிடையராகிறார். சண்டைக்கு ஆட்டிடையரைப் போல் லாயக்கற்றவர் அந்த நாட்டில் வேறெவரும் இல்லை என்பதை எண்ணும்போது, இந்த விளையாட்டு எவ்வளவு கறாராகப் பேசுகிறது என்பது விளங்கும்.

அதன் நுட்பம் முழுவதும் ஒரு மூலிகைக் கடையில் வெளிப்படுகிறது. மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. அவள் விலையைச் சொல்வாள். எத்தனை பொற்காசு வைப்பது என்பதை ஆடுபவரே எண்ணாகத் தட்ட வேண்டும். குறைத்து வைத்தால் அவள் வாங்கிக்கொண்டு வழியனுப்புவாள். திரையில் எச்சரிக்கை ஏதும் தோன்றாது, காவலர் வரமாட்டார். ஏமாற்றியவர் வாய்மையிலும் நீதியிலும் மானத்திலும் புள்ளிகளை இழந்துவிட்டார் என்பதை எந்திரம் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகள் ஆடுபவருக்குக் காட்டப்படுவதே இல்லை. கோட்டையில் இருக்கும் ஞானி ஒருவரிடம் போய்க் கேட்டால், ஒவ்வொரு பண்பிலும் நிலைமை எப்படியிருக்கிறது என்று சொற்களில் சொல்வார், அவ்வளவுதான். பல மணி நேரம் கழித்து அவர் முன் நின்று வாய்மையைப் பற்றிக் கடுஞ்சொல் கேட்கும்போதுதான் மூலிகைக் கடை நினைவுக்கு வரும். எண்ணை ஆடுபவரின் கண்ணிலிருந்து மறைத்ததனால் அது கணக்காக இல்லாமல் தீர்ப்பாகத் தோன்றியது. வெர்டி டு வெர்னுவா கேட்டதை ஓர் எட்டு பிட் கணினி போலியாகவேனும் செய்துகாட்டியது. தலைப்பில் உள்ள 'அவதார்' என்ற சொல் நம் 'அவதாரம்' தான். இறங்கி வருதல் என்பது அதன் பொருள். தெய்வம் மனித நிலைக்கு இறங்குவதைக் குறித்த சொல் இங்கே மனிதர் பண்பால் உயர்வதைக் குறிக்கத் தலைகீழாகத் திரும்பியிருப்பது ஒரு வேடிக்கை.

ஜப்பானில் 'அல்டிமா'வையும் 'விசார்ட்ரி'யையும் ஆடிப் பழகிய யூஜி ஹோரீ 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' வழியாக இவ்வகையை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொண்டுவந்து எளிதாக்கினார்; அது தனி வரலாறு. அமெரிக்காவில் நடுவரின் குரலைச் சேர்க்க முயன்றவர்களுக்கு வட்டின் கொள்ளளவு தடையாக இருந்தது. பிரையன் ஃபார்கோவின் இன்டர்ப்ளே நிறுவனம் 1988இல் உருவாக்கிய 'வேஸ்ட்லேண்ட்', அணுப்போருக்குப் பிந்திய பாலைவனத்தில் நடப்பது. நீண்ட வருணனைகளுக்கு வட்டில் இடமில்லாததால் அவற்றைத் தாளில் அச்சிட்டுப் பெட்டியில் வைத்து, உரிய இடம் வந்ததும் இன்ன எண்ணுள்ள பத்தியைப் படிக்குமாறு திரையில் அறிவித்தது. முன்கூட்டியே புரட்டிப் பார்க்கும் திருட்டுப் புத்திக்காரர்களுக்காக, செவ்வாய்க் கிரகம் சம்பந்தப்பட்ட ஒரு முழுப் பொய்க்கதையையும் அந்தப் பத்திகளுக்கிடையே விதைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், ஆடுபவர் செய்த மாற்றங்கள் வட்டிலேயே பதிந்து நிலைத்தன. கொன்றவர் கொல்லப்பட்டவராகவே இருந்தார். புதிதாக ஆட வேண்டுமானால் மூல வட்டைத் தொடாமல் படி எடுத்து வைத்திருக்க வேண்டும்.

குறுந்தகடு வந்து இடப்பஞ்சம் நீங்கியதும் இரண்டு வழிகள் பிரிந்தன. பெதஸ்டா நிறுவனத்தின் 'டாகர்ஃபால்' 1996இல் ஏறத்தாழ பிரிட்டன் அளவுக்கு விரிந்த நாட்டைத் தந்தது. ஆயிரக்கணக்கான ஊர்களைக் கணினியே விதிப்படி உற்பத்தி செய்திருந்ததால், ஓர் ஊரில் கேட்ட பேச்சையே அடுத்த ஊரிலும் கேட்க நேர்ந்தது. அதை விரும்பி ஆடியவர்கள் பலர் உண்டு, ஆனால் அந்த நாட்டில் ஒருவர் செய்த காரியம் எங்கேயும் பெரிதாக எதிரொலிப்பதில்லை. மறு ஆண்டு இன்டர்ப்ளேயில் டிம் கெய்ன் தொடங்கிவைத்த 'ஃபால்அவுட்' பரப்பில் சிறியது; தகுதியில் அதைவிடப் பல மடங்கு பெரியது. நிலவறைக் காப்பகம் ஒன்றின் தண்ணீர்ச் சுத்திகரிப்புச் சில்லு பழுதாகிவிட, மாற்றுச் சில்லைத் தேடி 150 நாட்களுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது தொடக்கம். அறிவு எண்ணை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு ஆடினால், பாத்திரம் ஊர்க்காரரிடம் உளறவும் உறுமவும் மட்டுமே செய்யும். அவர்களும் அதற்கேற்பப் பரிதாபப்பட்டோ விரட்டியோ பேசுவார்கள். மனித இனத்தையே மாற்றியமைக்கத் திட்டமிடும் இறுதி எதிரியை ஆயுதத்தால் வெல்லலாம்; மாற்றாக, அவன் உருவாக்கும் புதிய இனத்தால் பிள்ளை பெற முடியாது என்பதற்கான சான்றைத் தேடி எடுத்துப் போய்க் காட்டி, வாதத்தால் அவனைத் தன்னையே அழித்துக்கொள்ள வைக்கலாம். ஆட்டம் முடிந்தபின், கடந்துவந்த ஊர்களுக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்பதை ஒரு குரல் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. கதவிடுக்கில் எண்ணெய் ஊற்றும் உரிமை முழுதும் திரும்பவில்லை; ஆனால் உருவாக்கியவர்கள் ஆடுபவரின் குறும்பை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, பல இடங்களில் விடை எழுதி வைத்திருந்தார்கள்.

முன்கூட்டி எழுதி வைப்பதன் உச்சியை 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' தொட்டது. கிறிஸ் அவலோன் தலைமையில் எழுதப்பட்ட அதன் உரை ஏறத்தாழ 8 லட்சம் சொற்கள் என்று கணக்கிடப்படுகிறது. வாளைவிட ஞானமும் அறிவும் அதிகமாகப் பயன்படும் அபூர்வமான ஆட்டம் அது. ஆனால் அது கையில் எடுத்த சிக்கல் சொற்பெருக்கைவிட முக்கியமானது. தொண்ணூறுகளுக்குள் எந்த நிமிடத்திலும் ஆட்டத்தைச் சேமித்து, தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்பும் வசதி பரவிவிட்டது. சாவு ஒரு தொந்தரவாகச் சுருங்கி, 'விசார்ட்ரி'யின் சாம்பல் பொருளற்றுப் போயிற்று. 'டார்மென்ட்' அந்த வசதியோடு சண்டை பிடிக்காமல் அதையே கதையாக்கியது. அதன் நாயகன் சாக முடியாதவன். அடிபட்டு விழுந்தால் மறுபடி எழுந்துவிடுவான். எத்தனையோ முறை செத்து எழுந்ததில் தன் பெயரையே மறந்துவிட்டவன். முற்பிறப்புகளில் அவன் செய்த தீங்குகள் மட்டும் அவனை மறக்கவில்லை. விற்பனையில் அது பெரிதாக ஓடவில்லை.

இருபது ஆண்டு கழித்து, 2019இல், எஸ்தோனியாவில் கூடிய எழுத்தாளர் குழு ஒன்றின் 'டிஸ்கோ எலீசியம்' அதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டது. ராபர்ட் குர்விட்ஸும் நண்பர்களும் பல ஆண்டு மேசையில் பகடை உருட்டி வளர்த்த கற்பனை உலகம் அது. சண்டைக்கென்று தனி முறை அதில் இல்லை. நாயகனான துப்பறியும் காவலரின் 24 திறன்களும் அவர் தலைக்குள் பேசும் குரல்களாக ஒலித்து, யோசனை சொல்லி, சில வேளை தவறான வழியும் காட்டுகின்றன. மேசை விளையாட்டில் 24 நடுவர்கள் இருந்தால் எப்படியிருக்குமோ அப்படி. உடல்வலுவை அடிமட்டத்தில் வைத்துக்கொண்டவர், குடித்துக் கவிழ்ந்த இரவுக்கு மறுநாள் கண்விழித்து, மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கும் தம் கழுத்துப் பட்டையை எட்டிப் பறிக்க முயன்று, மாரடைப்பில் போய்ச் சேரவும் கூடும். கதை தொடங்கும் முன்பே முடிந்துவிடும். மற்றப் பெரும்பாலான தோல்விகள் வாசலை மூடுவதில்லை. பகடையில் தோற்றவர் அவமானப்பட்டு, உளறிக்கொட்டி, அந்த அவமானத்தின் வழியாகவே வேறொரு காட்சிக்குள் நுழைகிறார். வெற்றியைவிடத் தோல்வி சுவையாக எழுதப்பட்டிருப்பதால், பழைய சேமிப்புக்குத் திரும்ப ஆடுபவரின் கை தயங்குகிறது. சாவை நிலையாக்கி 'ரோக்' பெற்ற கனத்தை, இது தோல்வியைச் சுவையாக்கிப் பெற்றது.

2023இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லேரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3', டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் விதிகளிலேயே நடப்பது. மலையிலிருந்து எதிரியைத் தள்ளிவிடலாம், எண்ணெயைக் கொட்டித் தீ வைக்கலாம். இவற்றுள் பலவற்றை விளையாட்டு தடுப்பதில்லை. மேசையில் நடுவர் பேசுவது போலவே, ஆடுபவரை முன்னிலையில் அழைத்து, காண்பதையும் உள்ளுக்குள் உணர்வதையும் எடுத்துச் சொல்லும் பெண் குரலொன்று கதை நெடுகிலும் தொடர்கிறது. ஒருவரை ஏமாற்றவோ அச்சுறுத்தவோ பொறியைக் கழற்றவோ முயலும்போது, இருபது முகம் கொண்ட பகடை ஒன்று திரையின் நடுவில் பெரிதாகத் தோன்றி, ஆடுபவர் சொடுக்கியதும் உருண்டு, தடுமாறி, ஓர் எண்ணில் நிற்கிறது. ஒன்று விழுந்தால் எவ்வளவு கெட்டிக்காரருக்கும் தோல்விதான். கணினிக்கு இந்தப் பகடை தேவையே இல்லை. ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் எண்ணைப் பொறுக்கி முடிவைச் சொல்லிவிட அதனால் இயலும், 1975இலேயே இயன்றது. ஆனாலும் அது உருளும் வரை காத்திருக்க வைக்கிறார்கள். காத்திருப்பவர்களும் அந்தச் சில நொடிகளுக்குத் திரையை நோக்கிக் குனிந்துகொள்கிறார்கள்.